ஞாயிறு மாலை ஆறு மணிக்குள்

படப்பையில் நாங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டை எப்படி வாங்கினீர்கள் என்று யாராவது கேட்டால், புரோக்கர் காட்டினார், பிடித்திருந்தது, வாங்கினோம் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவ்வளவுதான் நடந்தது என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். அப்படி நினைக்கட்டும் என்றுதான் நானும் அப்படிச் சொல்கிறேன்.

எனக்கு ஒரகடத்தில் வேலை. கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பர்சேஸ் பிரிவு. ரப்பர் வளையம், போல்ட், அட்டைப்பெட்டி என்று கம்பெனிக்கு வேண்டியதைச் சின்னப் பட்டறைக்காரர்களிடம் விலை பேசி வாங்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக நான் அவர்களுக்கு அனுப்பும் மெயிலில் ஒரு வரி மாறாமல் இருக்கும்: இன்று மாலை ஐந்து மணிக்குள் உங்கள் கடைசி விலையைச் சொல்லவும், தவறினால் ஆர்டர் வேறு சப்ளையருக்குப் போய்விடும். பாதி நேரம் அந்த வேறு சப்ளையர் என்று ஒருவர் இருக்கவே மாட்டார். அது பட்டறைக்காரருக்குத் தெரியாது. நாலரை மணிக்கு போன் வரும். "மேடம், நாளைக்குக் காலைல சொல்றேனே." "இல்லங்க, அஞ்சு மணி." நாலு ஐம்பத்தைந்துக்கு விலை இறங்கி வந்துவிடும். ஆளுக்கு யோசிக்க நேரம் கொடுக்காமல் இருப்பதே பாதி வேலை என்று நான் கற்றுக்கொண்டிருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

என் கணவருக்கு இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனியில் லைன் வேலை. சொந்த ஊர் வாலாஜாபாத் பக்கம். நான் விருதுநகரிலிருந்து வேலைக்கு வந்தவள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நான்கு வாடகை வீடு மாறியிருந்தோம். வாடகை வீட்டு ஓனர்கள் சுவரில் ஆணி அடிக்காதே என்பார்கள், மேலே துணி காயப்போடாதே என்பார்கள். சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை எனக்கு நோய் மாதிரி ஆகியிருந்தது.

அப்படித்தான் அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். மெயின் ரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தைத் தாண்டி இரண்டாவது தெரு. இரண்டு படுக்கையறை, பின்னால் ஒரு சின்ன அறை, மேலே மாடிப்படி மட்டும். கதவைத் திறந்த அக்காவுக்கு ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கணவர் இறந்து தனியாக இருந்தார். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் மேற்பார்வை வேலை பார்த்து அதை விட்டிருந்தார்.

வீடு விற்பவர்கள் நல்லதைக் காட்டுவார்கள். இந்த அக்கா எங்களை நேராகப் பின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேல் மூலையில் தேங்காய் அளவுக்கு ஈரக்கறை.

"இங்க பாரும்மா. வடக்கால இருந்து அடிக்கிற மழையில ஒழுகும். மூணு வாட்டி பூசிட்டேன், நிக்கல. வெயில் காலத்துல போர் தண்ணி உப்பா வரும், குடிக்கத் தண்ணி கேன்தான். அப்புறம் வாங்கிட்டு என்னைத் திட்டக்கூடாது."

டீ போட்டுக் கொடுத்தார். எதற்கு விற்கிறீர்கள் என்று கேட்டேன். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். இருங்காட்டுக்கோட்டையில் வேலைக்கு வருகிற பெண்பிள்ளைகள் தங்க ஒரு ஹாஸ்டல் நடத்த ஆசை. ஒரு மாடிக் கட்டடம் லீசுக்குப் பேசி வைத்திருக்கிறார். அந்தக் கட்டடக்காரர் மாசக் கடைசி வரைக்கும்தான் காத்திருப்பார். கேட்டுக்கொண்டே நான் அந்த மாசக் கடைசியை மனதில் குறித்துக்கொண்டேன். அவர் ஒரு பெண்ணிடம் தன் ஆசையைச் சொல்வதாக நினைத்துப் பேசினார். எனக்குள் இருந்த பர்சேஸ்காரி அதைத் தகவலாக வாங்கிக்கொண்டாள்.

எங்கள் விலையைச் சொன்னோம். அக்காவுக்கு அது முகம் சுளிக்கிற விலை இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு சரின்னுதான் தோணுது. ஆனா வூடு எனக்கும் என் தம்பிக்கும் சேர்த்து. தொழிற்பேட்டைக்கு நெலம் போனப்போ வந்த துட்டுல எங்கப்பா கட்டினது. தம்பி சரக்குக் கப்பல்ல வேலையா கீறான். பவர் எனக்கு எழுதிக் குடுத்துட்டுத்தான் போனான், கையெழுத்து நானே போடலாம். ஆனா முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுக்கான்னு சொல்லிட்டுப் போனான். நடுக்கடல்ல போன் எடுக்காது. பத்து நாள்ல ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வந்துடுவான். பத்து நாள் குடும்மா."

"சரிக்கா, கேட்டுட்டே சொல்லுங்க" என்றார் என் கணவர். பைக்கில் திரும்பும்போது எனக்கு அவர் மேல் கோபம். பத்து நாளில் என்னென்ன நடக்கலாம் என்று பட்டியல் போட்டேன். புரோக்கர் வேறு ஆளைக் கூட்டி வரலாம். தம்பி விலையை ஏற்றச் சொல்லலாம். பக்கத்தில் புது கம்பெனி வருகிறது என்று எவனாவது கிளப்பிவிடலாம்.

"அவங்க நேர்மையாத்தானே பேசினாங்க. பத்து நாள்ல இன்னா குடி முழுகிடப் போவுது?" என்றார் அவர்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் பார்த்துக்கிறேன்."

அந்த வெள்ளிக்கிழமை மதியம், ஆபீஸில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, பட்டறைக்காரர்களுக்கு அனுப்புவது போலவே அக்காவுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினேன். வாலாஜாபாத்தில் ஒரு வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது, அவர்கள் அட்வான்ஸ் கேட்கிறார்கள், உங்கள் வீடுதான் எங்களுக்கு முதல் விருப்பம், அதனால் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் உங்கள் முடிவைச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த வீட்டை முடித்துவிடுவோம்.

வாலாஜாபாத்தில் ஒரு வீட்டை நாங்கள் பார்த்தது உண்மை. அது அதற்கு முந்தின வருடம். அதை வேறு ஒருவர் வாங்கிக் குடியும் வந்துவிட்டார். அந்த வீட்டைத்தான் நான் எடுத்து நீட்டினேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு அக்கா கூப்பிட்டார். பின்னால் பஸ் சத்தம் கேட்டது. சென்னையில் தம்பியை வேலைக்கு அனுப்பிய ஏஜென்டின் வீட்டுக்கே நேரில் போயிருக்கிறார், கப்பலுக்கு எப்படியாவது ஒரு செய்தி அனுப்ப முடியுமா என்று கேட்க. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டு, திங்கள் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"ரெண்டே ரெண்டு நாள் குடேன்மா. செவ்வாய்க்கிழமைக்குள்ள ஏதாவது தெரிஞ்சுடும்."

"என் கையில ஒண்ணும் இல்லக்கா. அந்த வாலாஜாபாத் பார்ட்டி ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லும்போது என் குரலில் கஷ்டம் இருந்தது. அதை நானே கேட்டேன். அவ்வளவு நன்றாக வந்தது.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மறுபடி கூப்பிட்டார். "சரிம்மா. நீங்களே எடுத்துக்குங்க. தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்." குரல் களைத்திருந்தது. நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். மறுநாள் ஆபீஸில் இதை ஒரு சாமர்த்தியக் கதையாகச் சொன்னேன். "மேடம் வீட்டையும் பட்டறை ஆர்டர் மாதிரி முடிச்சிட்டாங்கப்பா" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு முகம் மலர்ந்துபோயிருக்கும். இன்று அந்தக் கைதட்டல் நினைவுக்கு வந்தால் காது சூடாகிறது.

செவ்வாய்க்கிழமை அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸ் கொடுத்தோம். பேங்க் லோன் வர ஒன்றரை மாதம் ஆகும், வந்ததும் பத்திரப்பதிவு என்று ஏற்பாடு.

அக்ரிமென்ட் போட்ட நாலாம் நாள், சனிக்கிழமை காலை, எங்கள் வாடகை வீட்டு வாசலில் அக்கா நின்றார். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. உள்ளே வந்து உட்கார்ந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து தம்பி பேசினான்மா. வித்துட்டேன்னு சொன்னதும் பேச்சே இல்ல. லைன் கட்டாயிடுச்சின்னு நெனச்சேன். அப்புறம் சொல்றான், கப்பல்ல அவனுக்கு மேல் வேலை குடுத்திருக்காங்களாம், சம்பளம் ஏறிச்சாம். அப்பா கட்டின வூடு வெளிய போவ வேணாம், உன் பங்கை நானே வாங்கிக்கிறேன், ஹாஸ்டலும் நடத்துன்னு சொல்லத்தான் இருந்தானாம். பத்து நாள் உன்னால பொறுக்க முடியலையாக்கான்னு கேக்கறான்."

பையை என் பக்கமாக நகர்த்தினார். "நீங்க குடுத்த அட்வான்ஸ் அப்படியே கீது. ஒரு ரூபா எடுக்கல. அக்ரிமென்ட்டைக் கேன்சல் பண்ணிக்கலாமா? செலவு இன்னா ஆனாலும் நான் குடுத்துடறேன்."

என் கணவர் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து பாயில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"அக்ரிமென்ட் ரிஜிஸ்டர் ஆயிடுச்சேக்கா. லோனுக்கும் எல்லாம் குடுத்தாச்சு."

"தெரியும்மா. கேக்கக் கூடாதுதான்." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த வாலாஜாபாத் வூடு... அவங்களைக் கேட்டுப் பார்க்கறியா? இன்னும் இருந்தா அதை எடுத்துக்கலாம் இல்ல? உனக்கும் புடிச்சிருந்ததுன்னு சொன்னியே."

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் தயாராக இல்லை. உண்மையைச் சொல்லிவிட அது நல்ல இடம். இப்போது எழுதும்போது எவ்வளவு எளிதாகத் தெரிகிறது! அப்படி ஒரு வீடே இல்லைக்கா என்று மூன்று நான்கு வார்த்தை. நான் சொன்னது வேறு.

"அது போயிடுச்சுக்கா. நாம முடிச்ச மறுநாளே வேற யாரோ எடுத்துட்டாங்க."

"அப்படியா" என்றார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "உன்மேல தப்பு ஒண்ணும் இல்லம்மா. நீயும் எவ்ளோ நாள்தான் வாடகை வூட்ல இருப்பே. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். என் கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தூங்க வேண்டிய மனிதர், மதியம் வரை வரவில்லை. பதிவு நடந்த நாளில் கையெழுத்துப் போட்டார், போட்டோ எடுத்துக்கொண்டார். புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று வந்தவர்களுக்குப் பந்தி பரிமாறினார். ஆனால் என் வீடு என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. 'அந்த அக்கா வூடு' என்றுதான் சொல்வார். போனில் நண்பர்களுக்கு வழி சொல்லும்போதுகூட.

வடகிழக்கு மழையில் பின் அறை ஒழுகியது, அக்கா காட்டிய அதே மூலையில். வாளி வைத்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மாலை, கறுத்து ஒடிசலாக ஒருவர் கேட் அருகே நின்றார். முப்பது முப்பத்திரண்டு வயது. "மேடம், கப்பல் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு தபால் பழைய அட்ரஸ்க்கு வந்திருக்குமாம். நான் முன்னாடி இந்த வூட்ல..." என்று ஆரம்பித்தார். யார் என்று புரிந்துவிட்டது. தபால் வந்திருந்தது. எடுத்துக் கொடுத்தேன். உள்ளே வாருங்கள் என்றேன். வேண்டாம் என்று நடையிலேயே நின்றார்.

"லீவுல அக்கா வீட்டிலயா தங்கியிருக்கீங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"இல்ல மேடம். தாம்பரத்துல ஃபிரெண்ட் ரூம்ல கீறேன். அக்காகிட்ட பேசறதில்ல." தபாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்களைச் சொல்லல. நீங்க வாங்க வந்தீங்க, வாங்கினீங்க. ஆனா அவங்க எனக்காகப் பத்து நாள் நிக்கலையே, அதான் மனசு ஆறல. துட்டுன்னதும் தம்பி கண்ணுக்குத் தெரியல."

இல்லை, உங்கள் அக்கா உங்களுக்காக ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு பஸ் ஏறிப் போய் ஏஜென்ட் வீட்டு வாசலில் நின்றார் என்று எனக்குத் தெரியும். நான் தலையை ஆட்டினேன். ஆறுதல் சொல்வதுபோல ஆட்டினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஷிஃப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார். "நீ போய்ச் சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் தனியாக இருங்காட்டுக்கோட்டைக்குப் போனேன். ஹாஸ்டல் நன்றாக நடந்துகொண்டிருந்தது. படிக்கட்டு முழுக்கக் கம்பெனி ஷூக்கள். அக்கா சமையல்கட்டில் பெரிய பாத்திரத்தில் புளி கரைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா, பின் ரூம் ஒழுவுதா?" என்று சிரித்தார். சமையல்காரம்மா கடைக்குப் போகும் வரை காத்திருந்து சொன்னேன். வாலாஜாபாத்தில் எந்த வீடும் இல்லை. யாரும் அட்வான்ஸ் கேட்கவில்லை. ஆறு மணி என்பது நான் வைத்தது. பையோடு வந்தபோது சொன்னதும் பொய்.

அவர் கை புளித்தண்ணீரிலேயே இருந்தது.

"அவனுக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு தெனம் தெனம் செத்துக்கினு கீறேன்" என்றார். "உனக்குத் தெரிஞ்சிருந்தது. நான் பையை எடுத்துக்கினு வந்து நின்னப்போகூட உனக்குத் தெரிஞ்சிருந்தது."

"ஆமாக்கா."

"டீ போட்டுக் குடுத்தேனே உனக்கு."

நான் அழுதேன். அவர் அழவில்லை. கையைக் கழுவித் துடைத்து, தன் போனை எடுத்து, தம்பியின் எண்ணை அழுத்தி, என்னிடம் நீட்டினார். "என்கிட்ட சொன்னதை அவன்கிட்ட சொல்லு. நான் கூப்ட்டா எடுக்க மாட்டான். அடிச்சிக்கினே இரு."

நான்காவது முறை எடுத்தார். நான் யார் என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போனதையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அக்கா பக்கத்துல கீதா?" என்று மட்டும் கேட்டார். போனைக் கொடுத்தேன். "டேய்" என்று ஒரு சொல் சொன்னதோடு அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. நான் எழுந்து படிக்கட்டுக்கு வந்து அந்த ஷூக்களுக்கு நடுவில் நின்றேன். அரைமணி நேரம் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. அக்கா வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார். "சாயங்காலம் வரேன்னு சொன்னான்" என்றார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நானாகத்தான் கிளம்பினேன்.

அன்றிலிருந்து தம்பி லீவில் வந்தால் அங்கேதான் தங்குகிறார் என்று என் கணவர் மூலம் தெரியும். அவர் அவ்வப்போது அவர்களைப் பார்த்துவிட்டு வருவார். என்னைக் கூப்பிடுவதில்லை. நானும் கேட்பதில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வாரமே என் கணவரும் நானும் கலந்து பேசி, வாங்கின விலைக்கே வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம் என்று தம்பியிடம் கேட்பது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது அவர், சரி என்றது நான். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். சுவரில் நான் அடித்த ஆணிகள், மாட்டிய படங்கள், மாடியில் காய்கிற என் துணிகள் எல்லாம் என் கண்முன் வந்து நின்றன. மறுமுனையில் தம்பி பதில் சொன்னார்.

"வேணாம் சார். தாம்பரம் பக்கத்துல ஒரு ஃபிளாட்டுக்கு துட்டு கட்டிட்டேன். இனிமே அங்க வந்து இருக்க எனக்கு மனசு வராது. நீங்களே இருங்க."

எனக்கு மூச்சு லேசானது. தோள் தானாகக் கீழே இறங்கியது. அது என்ன என்று எனக்கே புரிவதற்குள் நிமிர்ந்து பார்த்தேன். என் கணவர் கையில் போனோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.